ஆல்டோ சாக்ஸபோன்: கீழ் உதடு புண்ணாகிறது, லோ சி பிடித்தால் மேலே தாவுகிறது

ஆல்டோபுதுசு

வணக்கம் நண்பர்களே. ஆல்டோ சாக்ஸபோன் கற்க ஆரம்பித்து ஒன்பது மாதம் ஆகிறது. முதல் நான்கு மாதம் ஆசிரியரிடம் நேரில் போய்க் கற்றேன், அப்புறம் வேலை நேரம் மாறிவிட்டதால் தனியாகத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். கடந்த மூன்று மாதமாக முன்னேற்றமே இல்லை, சொல்லப்போனால் பின்னால் போய்க்கொண்டிருக்கிறேன்.

முதல் தொல்லை கீழ் உதடு. இருபது நிமிடம் வாசித்தாலே உள்பக்கம் எரிய ஆரம்பித்துவிடுகிறது. நேற்று கண்ணாடி முன் நின்று உதட்டைப் பிதுக்கிப் பார்த்தேன். கீழ் முன்பற்கள் பதிந்த இடத்தில் வெள்ளைக் கோடாக ஒரு தடம், அதன் நடுவில் கடுகளவு புண். இரண்டாவது, ஆக்டேவ் கீ (ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றும் சாவி) அழுத்தி மேல் ஏ-க்கு மேலே போனால் சுருதி காட்டும் ட்யூனர் முள் 20, 30 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறி நிற்கிறது, சத்தமும் மெலிந்து மூக்கால் பாடுவது போல வருகிறது. மூன்றாவதுதான் என்னை அதிகம் வாட்டுகிறது. லோ டி, லோ சி என்கிற கீழ் ஸ்வரங்களைப் பிடித்து ஊதினால் பாதி நேரம் அந்த ஸ்வரம் வராமல் அதற்கு ஒரு ஆக்டேவ் மேலே உள்ளது வருகிறது, சில நேரம் இடையில் ஒரு கீச் சத்தமும் சேர்ந்துகொள்கிறது. பயந்துபோய் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறேன், உதடு இன்னும் வலிக்கிறது.

ரீட் (மவுத்பீஸில் மாட்டி அதிரவிடும் மெல்லிய நாணல் பட்டை) 2-ஆம் எண்ணில் தொடங்கினேன். நல்ல டோன் வேண்டுமென்றால் 3 வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு மூன்று மாதம் முன்னால் மாறினேன். மவுத்பீஸ் கருவியோடு வந்ததுதான். உதட்டுப் பிடிப்பைப் பற்றி ஏகப்பட்ட காணொளி பார்த்துவிட்டேன், ஒருவர் கீழ் உதட்டைப் பல்மேல் நன்றாக மடி என்கிறார், இன்னொருவர் மடிக்கவே கூடாது என்கிறார். எனக்கு இந்தக் கருவியை விட மனமில்லை. எங்கிருந்து சரிசெய்ய ஆரம்பிப்பது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.


நீள்மூச்சு

நீங்கள் கடிக்கிறீர்கள். உதட்டில் பல் தடம், மேல் ஸ்வரங்களில் சுருதி ஏறுவது, மெலிந்த டோன், இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் தாடை மேல்நோக்கி அழுத்துகிறது என்றுதான் அர்த்தம். ஆனால் ஏன் கடிக்கிறீர்கள் என்பதைக் கண்டுபிடிக்காமல் "கடிக்காதே" என்று சொல்வதில் பயனில்லை, யாரும் ஆசைப்பட்டுக் கடிப்பதில்லை.

ரீடின் நுனிக்கும் மவுத்பீஸ் நுனிக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது இல்லையா, அந்த இடைவெளியை ரீட் திறந்து மூடித் திறந்து மூடி அதிர்வதால்தான் சத்தமே. தாடையால் கீழிருந்து அழுத்தினால் இடைவெளி சுருங்குகிறது, ரீட் அசைய இடமில்லை, சுருதி ஏறுகிறது, சத்தம் ஒல்லியாகிறது. கீழ் உதடு ரீடுக்கு ஒரு மெத்தை. மெத்தைக்கு அடியில் பல் தாங்கலாக இருக்கலாம், ஆனால் பல்தான் ரீடைப் பிடித்து நிறுத்துகிறது என்கிற நிலைமை வந்துவிட்டால் நடுவில் மாட்டிக்கொண்ட உதடு புண்ணாகாமல் என்ன செய்யும்.

அப்படியானால் எதனால் பிடிப்பது? வாயின் இரண்டு ஓரங்களால். சுருக்குப் பையின் கயிற்றை இழுத்தால் வாய் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே அளவில் கூடி வரும், அந்த மாதிரி உதடுகள் மவுத்பீஸைச் சுற்றி நடுநோக்கி வர வேண்டும். சிரிக்கும்போது போல ஓரங்களைப் பின்னால் இழுத்தால் கீழ் உதடு மெல்லிசாக நீண்டுவிடும், மெத்தை போய்விடும். நீங்கள் கேட்ட மடிப்பு விஷயத்துக்கும் இதுதான் பதில்: உதட்டின் சிவந்த பகுதியில் ஏறக்குறைய பாதி பல்மேல் வந்தால் போதும். உதடு தடித்தவருக்குக் கொஞ்சம் கூட, மெல்லியவருக்குக் கொஞ்சம் குறைய இருக்கும். முழுக்க உள்ளே மடித்து வைத்துவிட்டுக் கடிப்பதுதான் மோசமான கூட்டு.

இப்போது ஒரு சோதனை. கழுத்துப் பகுதியைக்கூட மாட்டாமல் மவுத்பீஸை மட்டும் ரீட், அதை இறுக்கிப் பிடிக்கும் லிகேச்சரோடு கையில் எடுத்து, நீங்கள் வழக்கமாக ஊதுகிற பலத்தில் ஒரு நீண்ட சத்தம் ஊதுங்கள். ட்யூனரை டிரான்ஸ்போஸ் எதுவும் இல்லாமல் கான்சர்ட் பிட்ச்சில், அதாவது பியானோவின் சுருதிப்படி, வையுங்கள். ஆல்டோவுக்கு அது ஏ காட்ட வேண்டும், 880 ஹெர்ட்ஸ் பக்கம். டெனருக்கு ஜி, சோப்ரானோவுக்கு சி, பாரிடோனுக்கு டி. ஜாஸ் வாசிப்பவர்கள் இதைவிடக் கீழே வைத்து வாசிப்பார்கள், அது தவறில்லை. ஆனால் உங்கள் ஆல்டோ மவுத்பீஸ் பி ஃப்ளாட்டோ பி-யோ அதற்கு மேலோ காட்டினால் எவ்வளவு கடிக்கிறீர்கள் என்பது எண்ணாகவே தெரிந்துவிடும். அடுத்து நெக்கில், அதாவது அந்தக் கழுத்துப் பகுதியில், மாட்டி நெக்கும் மவுத்பீஸும் மட்டும் ஊதுங்கள், ஆல்டோவுக்கு ஏ ஃப்ளாட் வர வேண்டும்.

ஏ-யைப் பிடித்த பிறகு தாடையை அசைக்காமல் தொண்டையையும் நாக்கின் பின்பகுதியையும் மட்டும் மாற்றி அந்தச் சத்தத்தை மெதுவாக ஜி வரை இறக்கி மறுபடி ஏற்றப் பாருங்கள். முதல் நாள் கால் ஸ்வரம்கூட இறங்காது. பரவாயில்லை. "ஈ" என்பதிலிருந்து "ஆ" என்பதற்கு வாய்க்குள் மட்டும் மாறுகிற உணர்வுதான் வழிகாட்டி. சுருதியை உதடுதான் தீர்மானிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது பெரிய திறப்பு, என் மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே இதைத்தான் கொடுக்கிறேன்.

மூன்று சின்ன விஷயங்களையும் பார்த்துவிடுங்கள். கழுத்துப் பட்டை இறங்கி இருந்தால் நீங்கள் தலையைக் குனிந்து மவுத்பீஸைத் தேடிப் போவீர்கள், தாடை தானாக மூடும். நிமிர்ந்து நின்று, கண்ணை மூடி, கருவியைத் தூக்கினால் மவுத்பீஸ் நேராக வாய்க்குள் வரவேண்டும், அந்த உயரத்தில் பட்டையை வையுங்கள். அடுத்து, வாய்க்குள் எவ்வளவு மவுத்பீஸ் போகிறது? ரீடுக்கும் மவுத்பீஸுக்கும் நடுவே ஒரு மெல்லிய காகிதத்தைச் செருகிக் கீழே தள்ளுங்கள், எங்கே தானாக நிற்கிறதோ அங்கே ரீட் மவுத்பீஸை விட்டு விலக ஆரம்பிக்கிறது. பக்கவாட்டில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள், கீழ் உதட்டின் அழுத்தம் அங்கே விழட்டும். மிகக் குறைவாக வைத்தால் ரீடின் நுனியிலேயே உதடு உட்கார்ந்து அதை மூடிவிடும்.

மூன்றாவது ரீட். 3 என்பது விறைப்பின் எண்தான், தரத்தின் எண் இல்லை. ஒரே எண் ஒவ்வொரு கம்பெனியிலும் வேறு வேறு கனமாக இருக்கும், மவுத்பீஸின் நுனித் திறப்பு பெரிதாக இருந்தால் அதே ரீட் இன்னும் கனமாகத் தெரியும். நீங்கள் 3-க்கு மாறிய தேதியும் தொல்லை ஆரம்பித்த தேதியும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். கனமான ரீடை அதிரவைக்கக் காற்று போதாதபோது பல்லால் அதை மவுத்பீஸ் பக்கம் தள்ளி இடைவெளியைக் குறைத்துக்கொள்கிறோம், ஒன்பது மாதத்தில் எல்லோரும் செய்வது இது. இன்றைக்கே 2 அல்லது 2½-க்குத் திரும்புங்கள்.


பேட்ஸ்க்ரூ

நீள்மூச்சு சொன்னதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் மூன்றாவது தொல்லையை மட்டும் உதட்டின் தலையில் கட்டாதீர்கள். நான் ஊதுகருவி பழுதுபார்ப்பவன். "லோ சி வரவில்லை, என் உதடு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களில் நிறையப் பேரின் கருவியைத்தான் சரிசெய்து அனுப்பியிருக்கிறேன்.

கீழ் ஸ்வரம் பிடித்தால் ஆக்டேவ் மேலே தாவுகிறது என்றாலே நான் முதலில் பார்ப்பது நெக்கின் மேலே இருக்கும் அந்தச் சின்ன ஆக்டேவ் பேட் (துளையை மூடும் மூடி). சாக்ஸபோனில் ஆக்டேவ் துளை இரண்டு. உடம்பில் இருப்பது டி முதல் ஜி ஷார்ப் வரைக்கும், நெக்கில் இருப்பது ஏ-யும் அதற்கு மேலும். கட்டைவிரல் அழுத்துவது ஒரே கீயைத்தான், எது திறக்க வேண்டும் என்பதை இடது மோதிர விரல்தான் மாற்றிவிடுகிறது. நெக்கில் இருப்பது முடி அகலத்துக்குத் திறந்திருந்தாலும் போதும், நீங்கள் கட்டைவிரலை எடுத்துவிட்டாலும் கருவிக்கு ஆக்டேவ் கீ அழுத்தியதாகத்தான் கணக்கு. கீழ் ஸ்வரம் தாவும். இறுக்கிப் பிடித்தாலும் தாவும், தளர்த்தினாலும் தாவும்.

ஊதாமலே பார்க்கலாம். ஜி பிடியுங்கள், அதாவது இடது கையின் மூன்று விரல். அப்படியே கட்டைவிரலால் ஆக்டேவ் கீயைத் தட்டித் தட்டி விடுங்கள். நெக்கில் உள்ள பேட் துளியும் அசையக் கூடாது. அசைந்தால், துடித்தால், தொல்லை அங்கேதான். அடுத்து கட்டைவிரலை அழுத்தியபடியே மோதிர விரலைத் தூக்கி வையுங்கள், நெக் பேட் திறக்கும்போது உடம்பில் உள்ளது மூட வேண்டும், இது திறந்தால் அது மூட வேண்டும். கடைசியாக எல்லா விரலையும் எடுத்துவிட்டு ஒரு மெல்லிய காகிதத் துண்டை நெக் பேடின் அடியில் வைத்து இழுத்துப் பாருங்கள். நெக் கருவியில் மாட்டியே இருக்க வேண்டும், நெக்கை இடதும் வலதுமாகக் கொஞ்சம் திருப்பிவைத்தும் பார்க்க வேண்டும். எல்லா நிலையிலும் காகிதம் பிடித்து இழுபட வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் மூடவில்லை.

இது எப்படி ஆகிறது என்றால், மவுத்பீஸைக் கார்க்கில் தள்ளும்போது நெக்கை மொத்தமாகக் கையில் பிடித்து அமுக்குகிறார்கள், அந்தப் பிடியில் ஆக்டேவ் கீயின் வளையம் லேசாக வளைகிறது. அப்புறம் உடம்பிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி அந்த வளையத்தை எப்போதும் தொட்டுத் தள்ளிக்கொண்டே இருக்கும். நெக்கைப் பிடிக்க வேண்டிய விதம், மேலே இருக்கும் அந்தக் கீயை உள்ளங்கை தொடாமல், வளைவின் அடிப்பக்கத்தைத் தாங்குவது. வளைந்ததை நீங்களே நிமிர்த்தப் போகாதீர்கள். ஒரு நிமிட வேலைதான், ஆனால் திசை தெரியாமல் அழுத்தினால் பேட் சாய்ந்து உட்கார்ந்துவிடும், அப்புறம் பேடையே மாற்ற வேண்டியிருக்கும்.

நெக் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் ஜி ஷார்ப் பேட். லோ சி ஷார்ப், பி, பி ஃப்ளாட் கீகளை அழுத்தும்போது ஜி ஷார்ப் கீயும் சேர்ந்து இழுபடும், அதை வலது கை விரல்கள்தான் மூடி வைத்திருக்கின்றன. அந்த மூடலைச் சரிசெய்யும் சின்ன ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் கீழே போகப் போக சத்தம் நடுங்கும், குப்குப்பென்று விட்டுவிட்டு வரும்.


இரண்டாம்விரல்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே குழப்பம்தான், ஆனால் கிளாரினெட்டில். நடுவில் ஏ-யிலிருந்து பி-க்குத் தாண்டும் இடத்தில் பத்துக்கு ஏழு முறை கீச்சிடுகிறது. இது உதடா, விரலா, கருவியா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?


கருங்குழல்

இரண்டாம்விரல், உங்களுக்குப் பக்கத்தில் யாராவது ஒருவர் வேண்டும், இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. எல்லாத் துளைகளையும் மூடி லோ ஈ ஊதுங்கள், சத்தம் நிலையாக வந்ததும் பக்கத்தில் இருப்பவர் உங்களுக்குச் சொல்லாமல் உங்கள் கட்டைவிரலுக்கு மேலே உள்ள ரெஜிஸ்டர் கீயை அழுத்தட்டும். கிளாரினெட் மேலே தாவும்போது சாக்ஸபோன் போல ஆக்டேவ் தாவாது, பன்னிரண்டாம் ஸ்வரத்துக்குத் தாவும், அதனால் லோ ஈ நேராக நீங்கள் தேடுகிற அந்த பி ஆகிவிடும். வாயில் எதையும் மாற்றாமல் பி சுத்தமாக வந்துவிட்டால் உங்கள் உதட்டில் குறையில்லை, ஏ-யிலிருந்து ஒரே நேரத்தில் இத்தனை விரல்களை இறக்கும்போது ஏதோ ஒரு துளை முழுக்க மூடவில்லை. பிடித்த பிடியை விடாமல் கொஞ்சம் அழுத்தி, அப்புறம் கையை எடுத்து விரல் நுனிகளைப் பாருங்கள். ஒவ்வொரு விரலிலும் துளையின் விளிம்பு முழு வட்டமாகப் பதிந்திருக்க வேண்டும். அரைவட்டம்தான் இருக்கிறது என்றால் அந்த விரல்தான். பெரும்பாலும் வலது மோதிர விரல், அல்லது சுண்டுவிரல் கீயைத் தேடி நீளும்போது கூடவே இழுபட்டுப் போகும் இடது மோதிர விரல்.

பி வராமல் உறுமல் போல ஒன்று வந்தால் வாய்க்குள் பார்க்க வேண்டும். கிளாரினெட்டுக்கு நாக்கின் பின்பகுதி உயரமாக, "ஈ" சொல்லும்போது இருப்பது போல இருக்க வேண்டும், மோவாய் கீழ்நோக்கித் தட்டையாக இழுபட்டிருக்க வேண்டும். மோவாயில் தோல் சுருங்கிக் குழி குழியாகத் தெரிந்தால் உதட்டுத் தசை மேலே குவிந்து ரீடை முட்டுகிறது என்று பொருள், கண்ணாடியில் பார்த்தாலே தெரியும். மவுத்பீஸையும் அதன் கீழே மாட்டும் பேரல் துண்டையும் மட்டும் ஊதினால் கான்சர்ட் எஃப் ஷார்ப் பக்கம் வர வேண்டும்.

ஆல்டோபுதுசு, உங்களுக்கும் ஒரு வார்த்தை. நீள்மூச்சு சொன்ன காகிதக் கோட்டை ஆரம்ப இடமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் கோட்டில் தொடங்கி ஒரு மில்லிமீட்டர் உள்ளே, இன்னொரு மில்லிமீட்டர் உள்ளே என்று கீச் வருகிற வரைக்கும் போவேன், கீச் வந்ததும் கொஞ்சம் பின்வாங்குவேன். அப்படிக் கண்டுபிடிக்கிற இடம் கோட்டைவிட எனக்கு எப்போதும் நன்றாக இருந்திருக்கிறது. பல் அமைப்பு, மேல்தாடை கீழ்தாடைக்கு முன்னால் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும் பல கிளாரினெட் கலைஞர்கள் ரீடை மேல்பக்கம் வைத்து, மேல் உதட்டின் கீழே அதிரவிட்டுத்தான் வாசித்தார்கள், இன்று நாம் வாசிப்பதற்கு நேர் தலைகீழ். அதனால் காணொளியில் இரண்டு பேர் முரண்பட்டால் கலங்க வேண்டாம், இருவரின் வாயும் வேறு.

ரீடையும் பாருங்கள். காய்ந்த ரீடை அப்படியே மாட்டினால் நுனி அலை அலையாக இருக்கும், ஓரிரு நிமிடம் ஈரமாக்கி, கண்ணாடி போன்ற சமதளத்தில் அடிப்பக்கத்தை வைத்து அழுத்தி, நுனி நேராகிவிட்டதா என்று பார்த்து மாட்டுங்கள். முன்னாலிருந்து நேராகப் பார்த்தால் ரீடின் நுனிக்கு மேலே மவுத்பீஸ் ஒரு முடி அளவுக்குக் கறுப்பாகத் தெரிய வேண்டும். மாட்டியபின் மவுத்பீஸின் அடித்துளையை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டு ரீட் பக்கமிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு வாயை விலக்குங்கள். ரீட் ஓரிரு நொடி ஒட்டி நின்று "டப்" என்று விடுபட்டால் ரீடும் மவுத்பீஸும் நன்றாகப் பொருந்தியிருக்கின்றன. ஒட்டவே இல்லை என்றால் ஓரத்தில் கசிகிறது, அந்த ரீடோடு நீங்கள் எவ்வளவு போராடினாலும் கீச் வரும்.


சீவாளி

நான் நாகஸ்வரம் வாசிப்பவன். உங்கள் கருவி வேறு, ஆனால் கடிக்கிற பழக்கத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாம் என்று தோன்றியது.

எங்களுக்கு மவுத்பீஸே கிடையாது. சீவாளிக்கு மேலும் கீழுமாக இரண்டு இதழ், அவை ஒன்றோடு ஒன்று அதிர்கின்றன, அதை நேராக உதடுகளுக்கு நடுவில்தான் வைக்கிறோம். பல்லைக் கொண்டுவந்தால் இரண்டு இதழும் ஒட்டிக்கொண்டு சத்தமே நின்றுவிடும், அதனால் கடித்துச் சமாளிப்பது என்கிற வழியே எங்களுக்கு இல்லை. நெருக்குவதெல்லாம் உதட்டுச் சதையும் காற்றும்தான். ஓபோ, பஸூன் வாசிப்பவர்களும் இரண்டு உதட்டையும் பல்மேல் வைத்துத்தான் வாசிக்கிறார்கள்.

நீங்களும் அதைச் சோதனையாகச் செய்து பாருங்கள். இப்போது உங்கள் மேல்பல் நேராக மவுத்பீஸின்மேல் உட்கார்ந்திருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் மட்டும், மேல் உதட்டையும் கொஞ்சம் மடித்துப் பல்லுக்கும் மவுத்பீஸுக்கும் நடுவில் வையுங்கள், ஒரு ஜி-யை நீளமாக ஊதுங்கள். கடித்தால் மேல் உதடு அந்த நொடியே வலிக்கும், வலித்ததும் தாடை தானாக விலகிக்கொள்ளும். ஓரங்களில் பிடி இல்லாவிட்டால் மவுத்பீஸ் ஆடும், அப்போது எந்தத் தசை வேலை செய்யாமல் இருந்தது என்று தெரிந்துவிடும். அப்புறம் வழக்கமான பிடிப்புக்குத் திரும்பி அதே ஜி-யை ஊதுங்கள், டோன் பருத்திருப்பது காதுக்கே கேட்கும். கிளாரினெட்டில் எப்போதுமே இப்படி இரண்டு உதடு மடித்து வாசிப்பவர்களும் உண்டு.

புண் ஆறுகிற வரைக்கும் வலியோடு சாதகம் செய்ய வேண்டாம். வலியோடு வாசித்தால் உதடு வலியிலிருந்து ஒதுங்கக் கற்றுக்கொள்ளும், ஒதுங்கிய கோணத்திலேயே பழகிவிடும், அப்புறம் அதை மாற்றுவது பெரும்பாடு.


ஆல்டோபுதுசு

எல்லோருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பன்னிரண்டு நாள் ஆகிறது, நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பேட்ஸ்க்ரூ சொன்னதைத்தான் செய்தேன், ஊத வேண்டியதில்லை, உதட்டுக்கும் ஓய்வு. ஜி பிடித்து ஆக்டேவ் கீயைத் தட்டினேன். நெக் பேட் அசைந்தது. விளக்கை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு தட்டுக்கும் லேசாகத் தூக்கித் தூக்கி இறங்குவது தெளிவாகவே தெரிந்தது. காகிதத் துண்டு நெக் நேராக இருக்கும்போது பிடித்தது, ஆனால் நான் வழக்கமாக வாசிக்கும்போது நெக்கைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பி வைப்பேன், அந்த நிலையில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மூன்று மாதமாக இதை என் உதட்டின் குறை என்று நினைத்து இறுக்கி இறுக்கிப் பிடித்திருக்கிறேன். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தேன், என் கண்முன்னாலேயே வளையத்தைச் சரிசெய்து கொடுத்தார். ஜி ஷார்ப் ஸ்க்ரூவையும் கால் சுற்று திருப்பினார். வீட்டுக்கு வந்து 2½ ரீடோடு லோ சி பிடித்தேன், முதல் மூச்சிலேயே வந்தது, கருவி முழுக்க அதிர்ந்தது கையில் தெரிந்தது. ஒரு நிமிடம் அதையே ஊதிக்கொண்டு நின்றேன்.

ஆனால் கடிக்கிற பழக்கம் போகவில்லை. மவுத்பீஸை மட்டும் ஊதியபோது முதல் நாள் பி-க்கும் மேலே, கிட்டத்தட்ட சி காட்டியது. இப்போது பி ஃப்ளாட்டுக்கும் ஏ-க்கும் நடுவில் வந்திருக்கிறது, தொண்டையால் அரை ஸ்வரம் இறக்க முடிகிறது. சீவாளி ஐயா சொன்ன இரண்டு உதட்டுப் பயிற்சியில் முதல் தடவை பத்து நொடிகூடத் தாங்கவில்லை, வாயின் இரண்டு ஓரமும் நடுங்கி, காற்று உஸ்ஸென்று வெளியேறியது. இத்தனை நாள் அந்தத் தசைகளை நான் பயன்படுத்தவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

இரண்டு கேள்வி. புண் ஆறிவிட்டது, ஆனால் கீழ்ப்பல் ஒன்றின் விளிம்பு கூராக இருக்கிறது, அந்த இடத்தில் மட்டும் இன்னும் குத்துகிறது. அப்புறம், இப்போது ஓரங்களால் பிடித்து வாசித்தால் எட்டுப் பத்து நிமிடத்தில் வாய் சோர்ந்து பழையபடி கடிக்க ஆரம்பித்துவிடுகிறேன். சோர்வைத் தாண்டி வாசித்தால்தான் தசை வளருமா?


நீள்மூச்சு

லோ சி வந்துவிட்டது என்பதைப் படிக்க எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா. பேட்ஸ்க்ரூ சொல்லியிருக்காவிட்டால் நான் உங்களை இன்னும் இரண்டு மாதம் நீண்ட ஸ்வரமாக ஊதவைத்திருப்பேன். இனி புதிதாக வருகிற எல்லோரிடமும் முதலில் அந்த ஜி தட்டலைச் செய்துபார்க்கச் சொல்லப்போகிறேன்.

கூரான பல்லுக்குத் தற்காலிகமாக, பல்கம்பி போட்டவர்கள் வைத்துக்கொள்கிற மெழுகைச் சின்ன உருண்டையாக எடுத்து அந்த விளிம்பில் ஒட்டிக்கொள்ளலாம், அல்லது மெல்லிய காகிதத்தை நான்காக மடித்து கீழ்ப்பற்களின்மேல் தொப்பி போல வைக்கலாம். பல் மருத்துவரிடம் காட்டினால் விளிம்பை மழுக்க வேண்டுமா என்று அவர் பார்த்துச் சொல்வார், ஊதுகருவி வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். மெழுகு வைத்ததும் வலி தெரியாததால் மறுபடி கடிக்க ஆரம்பிக்கலாம், அதனால் மவுத்பீஸ் சோதனையை விடாதீர்கள். மேல்பல் வழுக்கினால் மவுத்பீஸின்மேல் ஒட்டுகிற ரப்பர் பட்டை ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள், மேல்பல்லுக்கு அதிர்வு குறைந்தால் தாடையும் கொஞ்சம் தளரும்.

சோர்வைத் தாண்ட வேண்டாம். ஓரங்கள் விட்டதும் பல் வேலையை எடுத்துக்கொள்கிறது, அதன்பிறகு நீங்கள் வாசிக்கிற ஒவ்வொரு நிமிடமும் கடிப்பதற்கான சாதகம்தான். எட்டு நிமிடத்தில் சோர்ந்தால் ஏழாவது நிமிடத்தில் கருவியை இறக்கி வையுங்கள். ஐந்து நிமிடம் விரல் பயிற்சியை ஊதாமல் செய்யுங்கள், தாளத்தைக் கையால் போட்டுப் பாருங்கள், அப்புறம் மறுபடி ஏழு நிமிடம். ஒரு நாளில் இப்படி நான்கு தடவை வாசித்தால் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வாசிப்பதைவிட எவ்வளவோ மேல். ஏழு எட்டாகும், எட்டு பன்னிரண்டாகும், சில வாரத்தில் நீங்களே கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிடுவீர்கள்.

நீண்ட ஸ்வரத்தை நடு ஜி-யில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்குங்கள், மேலே போகிற ஆசையை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெல்லத் தொடங்கி, பலமாக்கி, மறுபடி மெல்லியதாக்குங்கள், ட்யூனர் முள் முழு நேரமும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். சத்தம் மெலியும்போது முள் ஏறினால் தாடை மூடுகிறது. அந்த இடத்தில் நிறுத்தி, மூச்சு எடுத்து, அதே ஸ்வரத்தை மறுபடி தொடங்குங்கள்.


இரண்டாம்விரல்

கருங்குழல் அண்ணா, என் தங்கையை ரெஜிஸ்டர் கீயை அழுத்தச் சொன்னேன், பி ஐந்து தடவையும் சுத்தமாக வந்தது. விரல் நுனியைப் பார்த்தேன், வலது மோதிர விரலில் முக்கால் வட்டம்தான் இருக்கிறது. இன்றிலிருந்து அந்த விரலைத்தான் கவனிக்கப் போகிறேன்.


கருங்குழல்

அந்த விரலை மட்டும் அழுத்தாதீர்கள், அது இன்னும் இழுத்துக்கொள்ளும். வலது கட்டைவிரல் எங்கே தாங்குகிறது என்று பாருங்கள். தாங்கி நகத்தின் பக்கவாட்டில், நகமும் தோலும் சேரும் இடத்துக்கு அருகே விழட்டும், கட்டைவிரல் மூட்டு வரைக்கும் உள்ளே போய்விட்டால் மற்ற விரல்கள் துளையைத் தாண்டி நீண்டுவிடும், மோதிர விரல் சாய்ந்துதான் விழும். கட்டைவிரலை வெளியே எடுத்துவைத்துவிட்டு மறுபடி லோ ஈ பிடித்து விரல் நுனியைப் பாருங்கள்.